ஐந்து சமர், ஆறு சுருள்

மேசையில் ஆறு சுருள்கள் கிடந்தன. பேச வேண்டிய சமர்களோ ஐந்து.

"ஏனப்பா ஒண்டு கூட?" என்று கேட்டார் சிவமலர். ஒன்றுகூடலுக்குக் கொண்டுபோகவென்று கடலை தாளித்துக்கொண்டிருந்தவர், அகப்பையோடு வந்து எண்ணிப் பார்த்திருந்தார்.

"கிடக்கட்டும்" என்றார் நவரத்தினம்.

"கிடக்கட்டும் எண்டா வீட்டிலை கிடக்கட்டும். ஏன் பைக்குள்ளை வைக்கிறியள்?"

அவர் ஆறாவதையும் பைக்குள் செருகினார். கணவர் பதில் சொல்லாத கேள்வியை இரண்டாம் முறை கேட்கிற பழக்கம் சிவமலருக்கு இல்லை. கடலை கருகுகிற மணம் வந்ததும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நவரத்தினம் இலங்கையை விட்டு ஜேர்மனிக்கு, கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதில் இருபத்தேழு ஆண்டுகளைச் சுவர்க்கடதாசிக் களஞ்சியம் ஒன்றில் கழித்தார். அச்சுப் பிசகிய சுருள்களை அங்கே கழித்துக் கட்டி வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது குப்பை. நவரத்தினம் மட்டும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். முன்பக்கத்தில் ரோசாப்பூ ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பின்பக்கம் நல்ல வெள்ளை. அந்த வெள்ளையில்தான் அவர் உலகப் போர்களை வரைபடமாகக் கீறினார். இந்த நாட்டுச் சுவர்க்கடதாசி ஒரு சுருள் பத்து மீற்றர் நீளம், ஐம்பத்து மூன்று சென்ரிமீற்றர் அகலம். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

அவர் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் தடித்த புத்தகங்களை வாங்குவார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் செலவழித்து வாசிப்பார். எந்தப் படைப்பிரிவு எந்த ஆற்றை எந்தத் திகதியில் கடந்தது என்று கேட்டால், தன் பிள்ளைகளின் பிறந்தநாளைவிடச் சுறுக்காகச் சொல்லுவார். சிவமலர் இதைக் குறையாகவும் சொல்லியிருக்கிறார், பெருமையாகவும் சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் இப்படிப்பட்டவர்கள் ஜேர்மனி முழுக்க இருந்தார்கள். தமிழ்க் கடைகளில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இன்றைக்கு எந்த முகாம் விழும், நாளைக்கு எந்தப் பாதை திறக்கும் என்று சொல்லுவார்கள். ஆய்வாளர் என்று அவர்களுக்குப் பெயர். கெல்சென்கிர்ச்சனுக்கு நவரத்தினம். மற்றவர்கள் வாயால் சொன்னதை இவர் படமாகக் கீறிக் காட்டினார். அதனால் இவர் சொன்னதைச் சனம் நம்பியது.

இந்த வருடம் இரண்டாம் உலகப் போர் முடிந்து எண்பதாம் ஆண்டு. வானொலியைத் திறந்தால் அதுதான், தொலைக்காட்சியைத் திறந்தாலும் அதுதான். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மூத்தோர் ஒன்றுகூடலை நடத்துகிற சுரேன் கேட்டான்: "நவமண்ணை, எங்கடை ஆக்களுக்கும் தமிழிலை சொல்லுங்கோவன். முக்கியமான சமர் ஐஞ்சு. ஏன் முக்கியம் எண்டு." அவர் உடனே ஓம் என்றார். பதினாறு ஆண்டுகளாக அவர் மேடை ஏறவில்லை. யாரும் கூப்பிடாமல் விட்டதில்லை. அவரே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை மட்டும் ஓம் என்று வாயில் வந்துவிட்டது.

மூன்று நாளுக்கு முன் சுரேன் திரும்பவும் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, ஒரு விசயம். டுசல்டோர்ஃபிலை இருந்து கமலநாயகி அக்காவும் வாறா. உங்கடை பேச்சுக்கெண்டு சொன்னவ."

"வரட்டுமன்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு நிலவறைக்குப் போய்ப் பழைய சுருளைத் தேடி எடுத்து வந்தார்.

அந்தச் சுருளில் இருந்தது இரண்டு படம். மேலே ஸ்ராலின்கிராட், சிவப்புப் பேனை. கீழே, ஊரில் சண்டை நடந்த வன்னி, நீலப் பேனை. இரண்டிலும் அம்புகள் ஒரே மாதிரி இருக்கும். 2008 மார்கழியில், ஒன்றுகூடல் நடக்கிற இதே மண்டபத்தில், இருநூறு பேருக்கு முன்னால் அதை விரித்துக் காட்டினார். அந்த நேரம் ஊரில் ஒவ்வொரு கிழமையும் ஓர் ஊர் அரச படையின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. சனம் நித்திரை இல்லாமல் இருந்தது. அவர் சொன்னார்: பயப்படாதேங்கோ, இது தோல்வி இல்லை. ரஷ்யன் என்ன செய்தவன்? உள்ளுக்கு விட்டவன். ஆழ இழுத்தவன். பிறகு இரண்டு பக்கத்தாலும் மூடினவன். எங்கடை இயக்கப் பெடியளும் அதைத்தான் செய்யினம். மாசி பிறக்கட்டும், பாருங்கோ.

கைதட்டு ஓய நெடுநேரம் எடுத்தது.

அந்தக் கூட்டத்தில் கமலநாயகியும் இருந்தார். அவருடைய தங்கை, கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னியில் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் இருந்தாள். காட்டுப் பாதையால் வவுனியாப் பக்கம் கூட்டிப்போக ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தார்கள். போவதா விடுவதா என்று கேட்கத் தொலைபேசிக் கடை ஒன்றில் வரிசையில் நின்று தமக்கைக்கு எடுத்தாள். கமலநாயகி, "இருங்கோ, மாசியிலை திரும்புமாம், படம் கீறிக் காட்டினவர்" என்று சொன்னார். அவர்கள் இருந்தார்கள். பிறகு புதுக்குடியிருப்பு, பிறகு அதற்கும் அப்பால். 2009 வைகாசியில் சண்டை முடிந்த பின் எந்த முகாமின் பதிவிலும் அந்த நான்கு பேரின் பெயரும் இல்லை.

இது நவரத்தினத்துக்கு எப்படித் தெரியும் என்றால், சுரேனின் மனைவி சிவமலருக்குச் சொன்னார். சிவமலர் ஒரு வருடம் பொத்தி வைத்திருந்துவிட்டுச் சொன்னார். கமலநாயகி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோயில் திருவிழாவில் கண்டால் வேறு பக்கம் போனார். அவ்வளவுதான். அந்த அவ்வளவு பதினாறு ஆண்டு.

எனவே ஆறு சுருள். ஆறாவதை விரிப்பதா, பையோடே திரும்பக் கொண்டுவருவதா என்பதை அவர் முடிவு செய்யவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்டப வாசலில் நிற்கிற நேரத்திலும் முடிவு இல்லை.

மண்டபம் கத்தோலிக்கப் பங்குக்கு உரியது. திறப்பு அல்பேர்ட்டிடம் இருக்கும். அல்பேர்ட் மன்னார் ஆள், எழுபது வயது, பங்குச் சபையிலும் இருக்கிறார், சைவக்காரரின் பொங்கலிலும் இருப்பார். வாசலில் நின்று எல்லாருக்கும் ஒரே எச்சரிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆறு மணிக்கு பாட்டுக் குழு வரும். ஜேர்மன்காரர். ஆறு எண்டா ஆறு. எங்கடை ஆறு இல்லை."

"எங்கடை ஆறு எத்தினை மணி அல்பேர்ட் அண்ணை?"

"எங்கடை மூண்டு இப்ப மூண்டே முக்கால். நீயே கணக்குப் பார்."

நாற்பது பேர் வரை வந்திருந்தார்கள். தேநீர் ஊற்றுகிற மேசையில் ரோல்ஸ், வடை, சிவமலரின் கடலை. முன்வரிசையில் ரவிச்சந்திரன் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு காலத்து ஆய்வாளர்தான், மீன் பெட்டி வகை. நவரத்தினம் சுவரில் கடதாசி ஒட்டும்போதே அவர் தொடங்கிவிட்டார்.

"அண்ணை, குர்ஸ்க் இல்லையோ? குர்ஸ்க் இல்லாமல் என்ன ஐஞ்சு?"

"ஐஞ்சு எண்டு கேட்டது சுரேன். அவனோடை சண்டை பிடி."

கமலநாயகி நாலு மணிக்கு வந்தார். முன்னால் வரவில்லை. கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ரயிலுக்குக் காத்திருக்கிறவர் உட்காருகிற மாதிரி. நவரத்தினம் கண்டார். கையில் இருந்த ஒட்டுநாடா ஒருமுறை பிசகி ஒட்டியது.

பேச்சைத் தொடங்கினார்.

"ஒரு விசயம் முதல் சொல்லிப் போடுறன். படத்திலை அம்பு இருக்கும். எல்லாரும் அம்பின்ரை கூர்முனையைத்தான் பாப்பினம். எவ்வளவு தூரம் போச்சு, எதைப் பிடிச்சுது எண்டு. நீங்கள் வாலைப் பாருங்கோ. அம்பு எங்கையிருந்து வருது, பின்னாலை என்ன கிடக்கு. சண்டையை முடிக்கிறது வால்தான்."

இதை அவர் எந்தப் புத்தகத்திலும் எடுக்கவில்லை. இந்தப் பதினாறு ஆண்டில் தானாகக் கண்டுபிடித்தது.

முதலாவது, இங்கிலாந்து வானத்துச் சமர், 1940. ஜேர்மன் விமானம் கடல் கடந்து போய்ச் சண்டை பிடித்துவிட்டு, எண்ணெய் முடியுமுன் திரும்ப வேண்டும். லண்டனுக்கு மேலே நிற்கப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஆங்கிலேயனின் விமானம் விழுந்தால், ஓட்டி பரசூட்டில் சொந்த வயலில் இறங்குவான். அடுத்த நாள் வேறு விமானத்தில் ஏறுவான். ஜேர்மன் ஓட்டி இறங்கினால் கைதி. "ஒரே வானம்தான். ஆனா ஒருத்தன் தன்ரை வளவுக்கு மேலை நிண்டு அடிபட்டவன். அதாலை அந்தத் தீவு விழேல்லை. விழுந்திருந்தா, நாலு வருசம் கழிச்சு அமெரிக்கன் வந்து இறங்கக் காலடி மண் இருந்திராது."

இரண்டாவது மிட்வே, 1942 ஆனி. யப்பான் ஒரே சமரில் நாலு விமானந்தாங்கிக் கப்பலை இழந்தது. அமெரிக்கனுக்குப் போனது ஒன்று.

"அந்த நாலிலை மூண்டு," என்று விரலைத் தூக்கினார், "இரண்டு மாதத்துக்கு முந்தித்தான் கொழும்பிலையும் திருகோணமலையிலையும் குண்டு போடப் போனது."

மண்டபம் நிமிர்ந்தது. அல்பேர்ட் பின்னால் இருந்து கத்தினார்: "எங்கடை அப்பர் அப்ப திருகோணமலைச் சீனன்குடாவிலை வேலை! குண்டு விழ ஓடினவர் மன்னாரிலைதான் போய் நிண்டவர். ஓடின இடத்திலைதான் அம்மாவைக் கண்டவர்."

"அப்ப உங்களைப் பெத்தது யப்பான்காரன் எண்டு சொல்லுங்கோ" என்றார் ரவிச்சந்திரன்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நவரத்தினமும் சிரித்தார். பிறகு சொன்னார்: கப்பல் போனதைவிட, அதில் இருந்த பழகிய ஆட்கள் போனதுதான் பெரிது. அமெரிக்கனின் துறைகளில் அடுத்த கப்பல்களுக்கு ஏற்கனவே ஆணி அறைந்துகொண்டிருந்தார்கள். யப்பானுக்கு அந்த வேகம் இல்லை. அதற்குப் பிறகு அது முன்னேறிய சண்டை பிடிக்கவில்லை, பின்வாங்கிய சண்டைதான். வால் அறுந்த அம்பு.

மூன்றாவது எல் அலமெய்ன், அதே வருடம் ஐப்பசி. பாலைவனம். சுயஸ் கால்வாய்க்கும் அதற்கப்பால் இருக்கிற எண்ணெய்க்கும் போகிற வாசல். ஜேர்மன் யுத்தத் தாங்கிகளுக்கு எண்ணெய் கொண்டுவந்த கப்பல்கள் கடலில் தாண்டு மூழ்கிப்போயின. தாங்கி நிற்கும், பீரங்கி இருக்கும், ஓட்ட எண்ணெய் இராது.

"எண்ணெய் எண்டா இவைக்கு எப்பவும் பஞ்சம். அதாலைதான் இஞ்சை, எங்கடை கெல்சென்கிர்ச்சனிலை, கரியிலை இருந்து பெற்றோல் காய்ச்சினவை. ஹோர்ஸ்ட் பக்கம் ஒண்டு, ஷோல்வன் பக்கம் ஒண்டு. அதை அழிக்கத்தான் 44இலை அமெரிக்கனும் ஆங்கிலேயனும் வானத்தாலை குண்டு கொட்டினவை. வெடிக்காமல் கிடக்கிறதுகள்தான் இப்பவும் கிண்டக் கிண்ட வருது."

"போன வருசம் என்ரை தெருவிலை" என்றான் சுரேன். "எழும்புங்கோ, வெளிக்கிடுங்கோ எண்டு பொலிஸ் வந்தது. அம்மா பாஸ்போட்டையும் நகையையும் சாமிப் படத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிசத்திலை வாசல்லை. ஜேர்மன் சனம் இன்னும் சப்பாத்துத் தேடுது."

இதற்கும் சிரித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த பயிற்சி அது.

ஐந்து மணிக்கு இடைவேளை. சுரேன் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, இன்னும் ஒரு மணித்தியாலம் இல்லை. ரண்டு சமர் சொல்ல ஏலாது போல. நோர்மண்டியைச் சொல்லி முடியுங்கோ. ஸ்ராலின்கிராட் எல்லாருக்கும் தெரியும்தானே, விடுவம்."

நல்ல வழி. அவர் தேடாமலே கிடைத்த வழி. மண்டபத்துக்கும் மரியாதை, நேரத்துக்கும் மரியாதை, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். "ஓம், அப்பிடிச் செய்வம்" என்று நவரத்தினம் சொன்னார். கதிரையில் இருந்து நோர்மண்டிச் சுருளை எடுத்தார்.

"சீனி போடுறனீங்களோ?"

கமலநாயகி இரண்டு தேநீரோடு நின்றார். மேலங்கியை இன்னும் கழற்றவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் முப்பது ஆண்டு வேலை செய்த கை. கோப்பையின் சூடு அதற்கு ஒரு பொருட்டில்லை.

"இல்லை. சலரோகம்."

"எனக்கும்தான்." கோப்பையைக் கொடுத்தார். "வால் எண்டு சொன்னது நல்லாயிருக்கு."

"ம்."

"நான் ஸ்ராலின்கிராட்டுக்குத்தான் வந்தனான் அண்ணை" என்றார். திரும்பிப் போய்க் கதவடியில் உட்கார்ந்துகொண்டார்.

தேநீர் ஆறியது. சிவமலர் தூரத்தில் கடலைச் சட்டியைக் கழுவியபடி இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிட்ட வரவில்லை.

சனம் திரும்ப உட்கார்ந்தபோது நவரத்தினம் நோர்மண்டிச் சுருளைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்ராலின்கிராட்" என்றார். சுரேன் கடிகாரத்தைக் காட்டினான். அவர் பார்க்கவில்லை. பைக்குள் கை விட்டார். உள்ளே இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்று போன கிழமை கீறிய புதுப் படம். கை ஒருகணம் அதில் நின்றது. பிறகு மற்றதை எடுத்தது.

பழைய கடதாசி விரிய மறுத்தது. அல்பேர்ட் வந்து ஒரு முனையைப் பிடித்தார். மேலே சிவப்பு, கீழே நீலம். அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"மேலையிருந்து சொல்லுறன்" என்றார். குரல் களஞ்சியத்தில் சாமான் எண்ணுகிற குரல்தான். "42 ஆவணி. ஜேர்மன் படை வொல்கா ஆற்றங்கரை மட்டும் வந்திட்டுது. ஐப்பசி முடியேக்கை நகரத்திலை பெரும்பங்கு அவன்ரை கையிலை. ரஷ்யனுக்கு மிச்சம் ஆற்றோரத்திலை ஒரு துண்டு நிலம். சில இடத்திலை சில நூறு மீற்றர். எல்லாரும் கூர்முனையைப் பாத்தவை. நானும் பாத்தனான். இப்ப வாலைப் பாருங்கோ."

ஆற்றின் மற்றக் கரையில் விரலை வைத்தார்.

"இஞ்சை ஆறு. ஆத்துக்கு அங்காலை ரஷ்யனின்ரை பீரங்கி. அதுக்கு அங்காலை றெயில் பாதை, தொழிற்சாலை, ஆள், சாப்பாடு, ஒரு முழு நாடு. படகிலை ஒவ்வொரு நாளும் ஆள் வரும், காயப்பட்டது போகும். அவன் பின்வாங்கினவன்தான். பின்வாங்க இடம் இருந்தது. மூடுறதுக்குப் படையை ஒளிச்சு வைக்கவும் இடம் இருந்தது. கார்த்திகை, நவம்பர் பத்தொன்பது மூடத் தொடங்கினவன். மாசி இரண்டிலை முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஜேர்மனிக்கு கிழக்கிலை வெல்லுற தெம்பு வரேல்லை. அதாலை அது முக்கியம்."

நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"கீழை இருக்கிறது, நான் 2008 மார்கழியிலை இதே இடத்திலை காட்டினது. அதே அம்பு, அதே கதை. மாசியிலை திரும்பும் எண்டனான். பிழை. வாலிலை ஒண்டும் இல்லை. ஆறும் இல்லை, ஆத்துக்கு அங்காலையும் இல்லை. நான் பிழை சொன்னனான்."

ரவிச்சந்திரன் எழும்பினார். "அண்ணை, விடுங்கோ. அந்த நேரம் எல்லாரும் அப்பிடித்தானே சொன்னவை. நானும் சொன்னனான். பேப்பரிலை எழுதினவங்கள், ரேடியோவிலை சொன்னவங்கள்..."

"எல்லாரும் சொன்னவை. படம் கீறினது நான்."

"அதுக்கு இப்ப என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்ய ஏலாது. இரு."

ரவிச்சந்திரன் இருந்தார். அப்போதுதான் பின்னால் இருந்து கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. கமலநாயகி நடுவால் நடந்து வந்து படத்துக்கு முன்னால் நின்றார். கீழ்ப் படத்தின் வலது ஓரத்தைத் தொட்டார். நீலக் கோடு புதுக்குடியிருப்பு மட்டும் வந்து நின்றது. அதோடு கடதாசி முடிந்தது.

"இதிலை கடல் எங்கை அண்ணை?"

"இல்லை."

"கடல் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"அப்ப ஏன் கீறேல்லை?"

கடதாசி போதாமல் போச்சு. இந்தப் பதிலை அவர் பதினாறு ஆண்டாக வைத்திருந்தார். பொய்யும் இல்லை. ஐம்பத்து மூன்று சென்ரிமீற்றர். இன்னும் மூன்று விரல் அகலம் இருந்திருந்தால் கடல் வந்திருக்கும். வாய் திறந்தார்.

"கடதாசி காணாது" என்றார். பிறகு, "இல்லை. கடதாசி பத்து மீற்றர். குறுக்காப் பிடிச்சிருந்தா அங்காலை கடல் முழுக்கக் கீறலாம். நான் நெடுக்காப் பிடிச்சனான். கடல் வந்தா ரஷ்யக் கதை நிக்காது. அண்டைக்கு அதை நான் யோசிச்சுச் செய்தனோ தெரியாது. கைக்குத் தெரிஞ்சிருக்கு."

கமலநாயகி தலையாட்டினார். அது சரி என்ற ஆட்டல் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்ற ஆட்டல்.

"நான் அளம்பில் கடற்கரை ஆள்" என்றார். நவரத்தினத்துக்குச் சொல்லவில்லை, மண்டபத்துக்கும் சொல்லவில்லை, படத்தைப் பார்த்துச் சொன்னார். "வைகாசியிலை வற்றாப்பளை அம்மனுக்கு விளக்கெரிக்கக் கடல் தண்ணி எடுக்கப் போவினம். தங்கச்சியைத் தோளிலை வைச்சுக்கொண்டு பின்னாலை போயிருக்கிறன். அந்தக் கடல் எந்தப் பக்கம் எண்டு எனக்குச் சொல்ல ஒரு ஆள் வேணுமோ? அண்டைக்கு இந்தப் படத்தை நானும் பாத்தனான். கடல் இல்லை. எனக்கும் அது நினைவு வரேல்லை. அவள் எடுத்துக் கேக்கேக்கையும் வரேல்லை." கொஞ்சம் நின்றார். "நீங்கள் ஒளிச்சியளோ, இல்லாட்டி நான்தான் பாக்கேல்லையோ எண்டு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதுதான் வந்தனான்."

"ரண்டும்" என்றார் நவரத்தினம்.

"ஓம். ரண்டும்தான்."

கமலநாயகி அழவில்லை. நவரத்தினமும் அழவில்லை. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், சளித் தடிமனாகவும் இருக்கலாம்.

"பேனையைத் தாங்கோ" என்றார் கமலநாயகி.

கீறக் கடதாசி இல்லை. சுரேன் நோர்மண்டிச் சுருளின் வெறும் நுனியில் ஒரு முழம் வெட்டினான். அல்பேர்ட் அதைப் படத்தின் வலது பக்கத்தில் வைத்து ஒட்டுநாடாவால் பொருத்தினார். கமலநாயகி கரையைக் கீறினார், மேலிருந்து கீழாக, கை தூக்காமல். சாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவு, அளம்பில். பெயர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற வட்ட எழுத்தில் எழுதினார்.

"நந்திக்கடலை விட்டிட்டியள் அக்கா" என்றார் ரவிச்சந்திரன் மெதுவாக.

"எங்கை வரும்? வந்து காட்டுங்கோ."

அவர் வந்து காட்டினார். வேறு இரண்டு பேர் எழும்பி வந்தார்கள். ஒருவர் அதன் குறுக்கே போகிற பாலத்தைச் சொன்னார். மாத்தளன் இன்னும் கொஞ்சம் மேலே வரவேண்டும் என்று ஒரு அம்மா சொல்ல, அது சரியாகத்தான் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். ஒட்டுத்துண்டில் முக்காலும் கடலாகப் போயிற்று. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மேலே ஆற்றுக்கு அப்பால் ஒரு நாடு. கீழே கரைக்கு அப்பால் வெறும் வெள்ளை.

ஆறு மணிக்குப் பாட்டுக் குழு வந்தது. ஆறு என்றால் ஆறு. இசைத்தாள் பைகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று பார்த்தார்கள். அல்பேர்ட் ஓடிப்போய் ஜேர்மனில் மன்னிப்புக் கேட்டார். கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். குழுவில் ஒரு வயதானவர், ஊன்றுகோல் வைத்திருந்தவர், சுவருக்குக் கிட்ட வந்து படத்தைப் பார்த்தார். மேல் படத்தில் வொல்காவை எழுத்துத் தெரியாமலே கண்டுபிடித்துவிட்டார். அங்கே தன்னுடைய பெரியப்பா ஒருவர் போனவர் என்றும், திரும்பவில்லை என்றும், காலநிலை சொல்லுகிற மாதிரிச் சொன்னார். பிறகு கீழே ஒட்டுத்துண்டைக் காட்டி, இது எந்த ஆறு என்று கேட்டார்.

"ஆறு இல்லை" என்றார் கமலநாயகி ஜேர்மனில். "கடல்."

அந்த மனிதர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஓ என்றார். ஒதுங்கிப் போய்த் தன் கதிரையை எடுத்துக்கொண்டார்.

நவரத்தினம் படத்தைக் கழற்றினார். ஒட்டுத்துண்டு இருந்ததால் அது பழையபடி உருளவில்லை, ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு நின்றது. இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டுக் கமலநாயகியிடம் நீட்டினார்.

"நீங்கள் கொண்டுபோறியளோ?"

"எனக்கேன்? உங்கடை படம். நீங்கள் வைச்சிருங்கோ." மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டினார். அவை எப்போது கழன்றன என்று அவருக்கே தெரியவில்லை. "நோர்மண்டி மிச்சம் இருக்கெல்லோ?"

"இருக்கு."

"எப்ப?"

"வாற மாதம். இரண்டாம் சனி."

"அதிலை ஆர் கடலாலை வந்தது?"

"அமெரிக்கனும் ஆங்கிலேயனும். துறைமுகத்தைக்கூடத் துண்டு துண்டாச் செய்து இழுத்துக்கொண்டு வந்தவை."

"அப்ப கடலையும் கீறிக் கொண்டு வாங்கோ" என்றார்.

வாற மாதம் வருவேன் என்று அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சிவமலர் மிஞ்சின கடலையை ஒரு சிறிய டப்பாவில் போட்டு அவர் கையில் வைத்தார். கமலநாயகி வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சிவமலர் பையைப் பார்த்தார். வாய் மூடாமல் ஒரு சுருள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அதை நிலவறையிலை வைக்க ஏலாது இனி" என்றார். "மடங்கிப் போம்."

"வைக்கமாட்டன்" என்றார் நவரத்தினம்.

பின்னால் மண்டபத்தில் பாட்டுக் குழு சுருதி சேர்க்கத் தொடங்கியிருந்தது.